அல் கோபார் மச்சினன்

இந்த சீசனில் கோப்பை தனக்குத்தான் என்று நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து மக்தூம் அறிவித்தார். கேட்கக் கூட்டம் அதிகமில்லை. மனைவி ஷஹீரா. அவள் தோளில் நாலு மாத மகன் அம்மார். இருவரில் ஒருவர் ஏப்பம் விட்டார். அம்மார்தான்.

"எந்தக் கோப்பை மச்சான்? அலமாரியில உள்ள ஏழு கோப்பையும் கழுவித்தானே வச்சிருக்கேன்."

"கனவு டீம் கோப்பை புள்ள. உனக்கு விளங்காது."

விளங்காது என்று சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் விளக்கினார். ஷார்ஜா முவைலாவில் அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மணல் பொட்டல். வெள்ளிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு அங்கே டென்னிஸ் பந்து கிரிக்கெட். ஆடுகிறவர்கள் கராஜ் மெக்கானிக்குகள், கிரேன் ஹெல்பர்கள், பொட்டலுக்கு அந்தப் பக்கத்து லேபர் கேம்ப் ஆட்கள். உட்கார்ந்து பார்க்கிறவர்கள் எட்டுப் பேர். வெறுமனே பார்த்தால் அலுக்குமே என்று அந்த எட்டுப் பேரும் ஆளுக்கொரு கற்பனை டீம் வைத்திருந்தார்கள். ஆடுகிற ஆட்களில் பிடித்த ஐந்து பேரை எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்கள் அடிக்கிற ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு பாயின்ட். விக்கெட்டுக்கு இருபது. கேட்சுக்குப் பத்து. டியூட்டி போட்டுவிட்டார்கள் என்று ஆள் வராமல் போனால் மைனஸ் பத்து. காலை ஐந்தே முக்கால் வரைக்கும் ஒரே ஓர் ஆளை மாற்றிக்கொள்ளலாம். பணம் கிடையாது. சூது ஹராம். போலீசுக்கும் பிடிக்காது. பன்னிரண்டு வெள்ளிக்கிழமை முடிந்ததும், ஆளுக்கு அதிகம் எடுத்த ஆறு வாரத்தை மட்டும் கூட்டி, ஜெயித்தவருக்கு மூக்கு நெளிந்த ஒரு பழைய அரபிக் காப்பிக் கூஜா. அதுதான் கோப்பை.

அந்த எட்டுப் பேரில் மக்தூமும் ஒருவர். வீட்டில் மட்டும் அவர் ஓப்பனிங் பேட்ஸ்மேன்.

"நான் இறங்காம மேட்ச் ஆரம்பிக்காது புள்ள," என்று கல்யாணமான முதல் வாரமே சொல்லி வைத்திருந்தார். முழங்கால் மடங்காமல் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதைச் சொல்ல வாய்ப்பு அமையவில்லை. பொட்டல் கட்டடத்துக்குப் பின்னால்தான் என்றாலும் அவருக்குப் பயமில்லை. ஹால் ஜன்னல் ரோட்டைப் பார்த்தது. பெட்ரூம் ஜன்னலும் ரோட்டைப் பார்த்தது. அவர் அறிந்தவரை அந்த வீட்டுக்கு இரண்டு ஜன்னல்கள்.

"அப்ப நாளைக்கும் போறீய," என்றாள் ஷஹீரா.

"போகாம?"

அவள் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. வாரத்தில் ஆறு நாள் மக்தூம் தொழில்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுன்டரில் நிற்பார். காலை எட்டு மணிக்குப் போனால் ராத்திரி ஒன்பது. மிச்சம் இருப்பது ஒரு வெள்ளிக்கிழமை. அதுவும் மத்தியான ஜும்ஆ தொழுகை வரைக்கும் பொட்டலுக்கு, ஜும்ஆவுக்குப் பிறகு தூக்கத்துக்கு. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அம்மாருக்குப் பால் புரை ஏறி முகம் நீலம் பாரித்துவிட்டது. ஷஹீரா ஏழு முறை போன் அடித்தாள். ஏழாவது முறை எடுத்து, "பந்து போய்க்கிட்டிருக்கு புள்ள, பொறவு பேசுறேன்," என்று வைத்துவிட்டார். அவள் பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டிக்கொண்டே வெறுங்காலோடு லிஃப்ட் வரைக்கும் ஓடினாள். லிஃப்ட் பதினோராவது மாடியில் நின்றது. அது இறங்கி வருவதற்குள் பிள்ளைக்கு மூச்சு வந்துவிட்டது. அவளுக்கு இன்னும் சரியாக வரவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்த மக்தூம் கேட்ட முதல் கேள்வி, "சோறு ஆச்சா?"

"மச்சான், நானும் ஒரு டீம் போடட்டா?" என்றாள் இப்போது.

மக்தூமுக்குப் புரை ஏறியது.

"நீயா?"

"எட்டாவது ஆள் கம்பெனி மாறி ஃபுஜைராவுக்குப் போய்ட்டாருன்னு சொன்னீயள்ல. இடம் காலியாத்தானே இருக்கு. நான் ஜெயிச்சா வெள்ளிக்கிழமை எனக்கு."

"தோத்தா?"

"வாயைத் தொறக்க மாட்டேன். போனும் அடிக்க மாட்டேன். வருசம் பூரா நீங்க பொட்டல்லயே பாய் போட்டுப் படுங்க."

"பந்தயம் ஹராம்டி."

"இது பந்தயம் இல்ல, ஒப்பந்தம். லிமிடெட் கான்ட்ராக்ட். பன்னெண்டு வாரம்."

மக்தூம் கணக்குப் போட்டார். பேட்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத பெண். ராமநாதபுரம் கான்வென்ட்டில் படித்தவள், அங்கே ஆடியது அதிகபட்சம் எறிபந்து. எதிரில் நிற்பது யார்? இருபது வருஷத்து ஸ்கோரை மனப்பாடமாக வைத்திருக்கும் மனிதர். எந்த மாடல் பிக்கப்புக்கு எந்த பெல்ட் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மகன் பிறந்த தேதியைக் கேட்டால் மட்டும் ஹெல்த் கார்டைத் தேடுவார்.

"கலாஸ், முடிஞ்சுது. ஒப்பந்தம்," என்றார். "ஆனா ஆம்பளைங்க வாட்ஸ்அப் குரூப்புல உன் பேரைப் போட முடியாது."

"எங்க அண்ணன் சாகிர் காக்கா பேர்ல போடுங்க. அல் கோபார்ல இருக்கிற மச்சினன்னு சொல்லுங்க. அவுஹளுக்குத் தெரியவா போகுது?"

அப்படித்தான் சவூதியில் ஓர் எண்ணெய்க் கம்பெனிக்குச் சாப்பாடு சப்ளை செய்துகொண்டு, கிரிக்கெட் என்றால் சில்வண்டு என்று நினைத்துக்கொண்டிருந்த சாகிர், தனக்கே தெரியாமல் ஷார்ஜாவில் ஒரு டீமுக்கு முதலாளி ஆனார்.

ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஷஹீரா கேட்டது ஒன்றுதான். "குரூப்புல டீம் போட்டோ இருக்கும்ல, காட்டுங்க." போனை வாங்கி ஒவ்வொரு முகமாக விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். இவர் பேர் என்ன, அந்தப் பச்சைத் தொப்பி யார், இந்தக் குட்டை ஆள் கார்மேகமா என்று கேட்டுக் கேட்டு நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதினாள்.

"மாப்பிள்ளை பாக்குறியா புள்ள?" என்று சிரித்தார் மக்தூம். அவர் மனசாரச் சிரித்தது அந்த சீசனில் அதுவே கடைசி.

மறுநாள் பொட்டலில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளி மேல் அமர்ந்து மக்தூம் தன் டீமை வாசித்தார். அந்த வாளி அவருடைய சிம்மாசனம். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் கௌஸ் முகைதீன் காக்கா. கஃபேட்டீரியா வைத்திருப்பவர், குரூப்புக்குத் தலைவர். அவர் மனைவி ஜுலைஹா பீவி கொஞ்சம் தள்ளிக் காருக்குள் பிளாஸ்க்கோடு இருப்பார். இந்தப் பக்கம் பாலகுரு. சிவகங்கைக்காரன், ஏசி மெக்கானிக்.

"முதல் ஆள் மஹதி," என்றார் மக்தூம்.

"மஹதியா?" என்றான் பாலகுரு. "பாய், அவரு ரன்னர் வச்சுத்தான் பாத்ரூமே போறாரு."

"ரெண்டாயிரத்துப் பதினொண்ணு ஃபைனல் ஞாபகம் இருக்கா? ஒரு சிக்ஸ். கேம்ப் சுவரைத் தாண்டி நேரா பிரியாணி அண்டாவுல. அந்தப் பந்தை எடுக்கவே இல்ல. தம் உடைஞ்சிடும்னு சமையக்காரர் விடல."

"அந்த பிரியாணிய நான் தின்னுருக்கேன்," என்றார் கௌஸ் முகைதீன் காக்கா கண்ணை மூடிக்கொண்டு. "ரப்பர் வாடை."

"ரெண்டாவது பழனிச்சாமி. ரெட்டை ஷிஃப்ட் முடிச்சிட்டு வெறுங்கால்ல ஓடி வந்து ஆறு விக்கெட் எடுத்த மனுஷன். அந்த மாதிரி ஆட்டம் இனிமே வராது தம்பி. நான் ஷார்ஜா ஸ்டேடியத்துல அந்தக் கடைசிப் பந்து சிக்ஸையே பார்த்தவன், சொல்றேன்."

அந்தக் கடைசிப் பந்து சிக்ஸ் பறந்தபோது மக்தூம் பிறக்க இன்னும் நாலு வருஷம் இருந்தது. ஆனாலும் ஷார்ஜாவில் குடியிருக்கும் ஒவ்வொருவரும் அன்று அந்த ஸ்டேடியத்தில் இருந்தவர்கள்தான். யாரும் யாரையும் கேட்பதில்லை. அது ஊர் மரியாதை.

மீதி மூன்று பேரும் அதே ரகம். ஐந்து பேரில் இருவருக்குச் சுகர், ஒருவருக்கு பிரஷர், ஒருவருக்கு இடுப்பில் பெல்ட். அது டீம் இல்லை. வெளிநோயாளிப் பிரிவு.

முதல் வாரம் மக்தூமின் டீம் எடுத்தது நாலு பாயின்ட். அல் கோபார் மச்சினன் எடுத்தது நூற்று நாற்பத்திரண்டு.

இரண்டாம் வாரம் மக்தூம் மைனஸில் போனார். கோபார் மச்சினன் ஐந்தரை மணிக்கு ஓர் ஆளை மாற்றியிருந்தார். மாற்றப்பட்ட ஆள் அன்று சரியாக டியூட்டிக்குப் போயிருந்தான். புதிதாக வந்த கார்மேகம் ஐம்பத்தெட்டு அடித்தான்.

மூன்றாம் வாரம் மஹதி ஒரு பந்தை ஓங்கி அடித்தார். பந்து கேம்ப் சுவரைத் தாண்டவில்லை. மஹதிதான் சரிந்தார்.

நாலாம் வாரம் கௌஸ் முகைதீன் காக்கா நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். "மக்தூம் தம்பி, உங்க மச்சினன் மனுசன் இல்ல, அவுலியா, பெரிய மகான். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகிட்டு இங்க எவன் வருவான், எவன் வரமாட்டான்னு சொல்றாரே. ஒரு தடவை விசிட்ல கூட்டிட்டு வாங்க. கையைப் பிடிச்சு முத்தணும்."

"அவருக்கு லீவு கெடைக்காது காக்கா."

"உங்க வீட்டம்மா குடும்பத்துல இவ்வளவு மூளையா? உங்களுக்குப் பொண்ணு குடுக்கும்போது எங்க போச்சு அது?" என்றான் பாலகுரு.

மக்தூம் பால் இல்லாத சுலைமானி டீயைக் குடித்தார். அவள் சொல்லும் மாற்றத்தை மச்சினன் பேரில் குரூப்பில் போடுவது அவர்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் தோல்வியைத் தானே தபால்காரர் மாதிரி சுமந்து வந்து டைப் அடிக்க வேண்டியிருந்தது. வியாழன் சாயங்காலமானால் கடையில் பிரேக் பேட் கேட்டவருக்கு ஃபேன் பெல்ட் கொடுத்தார். இருபது வருஷ ஞாபகம், இத்தனை ஸ்கோர், இத்தனை கதை. எல்லாம் ஒரு கைப்பிள்ளைக்காரியின் ஸ்கேல் கோட்டுக்கு முன்னால் மண்ணாகிக்கொண்டிருந்தது.

"எப்படி புள்ள கண்டுபிடிக்கிற?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"மூஞ்சியைப் பாத்தாத் தெரியும் மச்சான்," என்றாள் அவள், துணி மடித்துக்கொண்டே.

ஆறாவது வாரம் மக்தூம் மானத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அவளைக் காப்பியடிக்க ஆரம்பித்தார். அவள் மாற்றச் சொல்லும் ஆளைத் தன் டீமிலும் மாற்றினார். கண்ணீரோடு பழனிச்சாமியையும் வெளியே அனுப்பினார். பலன் உடனே தெரிந்தது. எட்டாம் இடத்திலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து மூன்று. பதினோராவது வாரம் முடிந்தபோது முதலிடத்தில் கோபார் மச்சினன், நாற்பது பாயின்ட் பின்னால் இரண்டாமிடத்தில் மக்தூம். மனைவியின் மூளையை இரவல் வாங்கி மனைவியைத் துரத்தும் மனிதருக்கு ஒரு நிதர்சனம் உறைத்தது. இப்படியே போனால் இரண்டாமிடத்திலேயே மவுத்தாக வேண்டியதுதான். அவளைத் தாண்ட வேண்டுமென்றால், அவள் சொல்வதைத் தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுக்குக் கிடைக்கவிடக் கூடாது.

கடைசி வெள்ளிக்கிழமை. விடிகாலை ஃபஜ்ரு தொழுதுவிட்டு மக்தூம் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஷஹீரா பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்தாள்.

"மச்சான், இன்னைக்கு ஒரு மாத்தம். கார்மேகத்தை எடுத்துட்டு பழனிச்சாமியைப் போடுங்க."

பழனிச்சாமி. வெறுங்கால் பழனிச்சாமி. கடைசியில் இவளும் பழைய பெருமைக்கு வந்துதானே ஆக வேண்டியிருக்கிறது.

"அனுப்பிடுறேன் புள்ள," என்றார். குரலில் தேன் வடிந்தது. "நீ ராத்திரி பூரா முழிச்சிருக்க. போய்த் தூங்கு. நான் பாத்துக்கிறேன்."

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி மச்சான்," என்று உள்ளே போனாள்.

படிக்கட்டிலேயே நின்று மக்தூம் காரியத்தை முடித்தார். தன் டீமில் கார்மேகத்தை வெட்டினார். பழனிச்சாமியைச் சேர்த்தார். கோபார் மச்சினன் பேரில் எழுதினார்: "மாற்றம் இல்லை."

பொட்டலில் பனி இன்னும் விலகவில்லை. வாளியில் உட்கார்ந்து பழனிச்சாமியைத் தேடினார். ஆறு மணி. ஆறரை. மூன்று ஓவர் போனது.

"பழனிச்சாமி எங்க தம்பி? டியூட்டியா?"

பாலகுரு அவரைத் திரும்பிப் பார்த்தான். "தெரியாதா பாய்? விசா கேன்சல் ஆகிக் கெளம்பிட்டாரே. புதன்கிழமை ராத்திரி கம்பெனில கூப்பிட்டுச் சொன்னாங்களாம், வியாழக்கிழமை சாயங்காலம் ஃபிளைட்டு. கேம்ப்ல நாலஞ்சு பேருக்குத்தான் தெரியும். எனக்கே கார்மேகம் இப்பத்தான் சொன்னான். இருபத்திரெண்டு வருசம். ஒரு பெட்டி, ஒரு கயிறு."

கௌஸ் முகைதீன் காக்கா, "ஒரு சாயா குடுத்து அனுப்பியிருக்கலாம்," என்றார்.

மக்தூமுக்கு இரண்டு துக்கம் ஒரே நேரத்தில் வந்தது. எதற்கு முதலில் வருந்துவது என்று அவர் தீர்மானிப்பதற்குள் கார்மேகம் முதல் சிக்ஸை அடித்தான். அன்று அவன் எடுத்தது அறுபத்தொன்று, இரண்டு விக்கெட், ஒரு கேட்ச். அத்தனையும் கோபார் மச்சினனுக்கு. பழனிச்சாமி கொடுத்தது மைனஸ் பத்து. அத்தனையும் மக்தூமுக்கு.

கூஜாவைக் கையில் கொடுத்து, "மச்சினன்கிட்ட பத்திரமாச் சேத்துடுங்க," என்றார் காக்கா. மக்தூம் மவுத்தானவரின் ஜனாஸா தூக்குகிற நடையில் வீட்டுக்கு வந்தார்.

ஷஹீரா கூஜாவை வாங்கிப் பார்த்தாள். "மூக்கு நெளிஞ்சிருக்கு," என்றாள்.

"பழனிச்சாமி ஊருக்குப் போனது உனக்குத் தெரியுமா?"

"நேத்து நாலு மணிக்கு, அஸர் தொழுகைக்குப் பொறவு டாக்ஸி வந்துச்சு. நாலு பேர் கட்டிப் பிடிச்சு அழுதாஹ. அவரு மட்டும் அழல."

"தெரிஞ்சுக்கிட்டேதான் என்னைப் போடச் சொன்னியா?"

"உங்களை யாரு போடச் சொன்னா? சாகிர் காக்காவுக்கில்ல போடச் சொன்னேன்."

மக்தூம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அவள் நோட்டை எடுத்து வந்தாள். சிவப்புக் கோடு அவள் டீம், நீலக் கோடு அவர் டீம். ஆறாவது வாரத்திலிருந்து இரண்டும் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறின. "கான்வென்ட்டுல பக்கத்து பெஞ்சைப் பாத்து எழுதினா சிஸ்டர் இப்படித்தான் கண்டுபிடிப்பாஹ. ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு வரும்."

"இருந்தாலும் இன்னைக்கு நான் உன் சேதியை அனுப்பமாட்டேன்னு எப்படித் தெரியும்?"

"தூங்கு புள்ள, நான் பாத்துக்கிறேன்னு சொன்னீயளே. கல்யாணம் ஆகி மூணு வருசத்துல அப்படி ஒரு வார்த்தை உங்க வாயிலேர்ந்து வந்திருக்கா?"

மக்தூம் நினைவைத் துழாவினார். இருபது வருஷத்து ஸ்கோர் வந்தது. அது வரவில்லை.

"சரி, டாக்ஸி வந்ததை எங்கேர்ந்து பாத்த?"

அவள் அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். அந்த அறைக்கு மக்தூம் புதியவர். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே, துவைத்த நாப்கின் காயும் கொடிக்குப் பின்னால், ஒரு ஜன்னல் இருந்தது. அவள் தள்ளித் திறந்தாள். கீழே மூன்று மாடி ஆழத்தில் முழுப் பொட்டலும் விரித்த பாய் மாதிரிக் கிடந்தது. பிட்ச் தெரிந்தது. கேம்ப் வாசல் தெரிந்தது. கம்பெனி பஸ் நிற்கும் இடம் தெரிந்தது. ஓரத்தில் ஒரு பெயின்ட் வாளி, வெள்ளை வெளேரென்று தெரிந்தது.

"இது எப்ப வச்சாங்க?" என்றார் மக்தூம் ஈனஸ்வரத்தில்.

"கட்டும்போதே வச்சுட்டாஹ மச்சான்." அவள் குரல் இறங்கியது. "புள்ள நாலு மணிக்கெல்லாம் எந்திரிச்சிடுவான். அவன் ஒரு மாதிரி மூச்சு விட்டாலே எனக்குக் கை கால் ஓடாது. இதைத் தொறந்து வச்சுக்கிட்டு நிப்பேன். கீழ ஆளுங்க பஸ்ஸுக்குப் போறதும் வாறதும் தெரியும். கத்துனா யாருக்காவது கேக்கும்னு ஒரு தைரியம். அப்படி நின்னு நின்னு எவன் நொண்டுறான், எவனுக்கு வெள்ளிக்கிழமை டியூட்டின்னு தானாத் தெரிஞ்சு போச்சு."

மக்தூம் நாப்கின் கொடியை விலக்கி எட்டிப் பார்த்தார்.

"இன்னொண்ணும் தெரிஞ்சுச்சு," என்றாள் ஷஹீரா. "நம்ம டீம்ல ஓப்பனிங் பேட்ஸ்மேன் வாளியை விட்டு எந்திரிக்கவே மாட்டாரு."

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். "இனிமே உங்க வெள்ளிக்கிழமைக்கு நான்தான் கஃபீல், விசா குடுத்த முதலாளி," என்றாள் அவள். "வெளிய போறதுன்னா நான் கையெழுத்துப் போடணும்." அதே வாரம் தடுப்பூசி போடுகிற இடத்தில் ஜுலைஹா பீவியைச் சந்தித்து விஷயத்தையும் உடைத்துவிட்டாள். ஜுலைஹா பீவி சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்த நாலு குழந்தைகள் ஊசிக்கு முன்பே அழுதன. காக்காவின் தீர்ப்பு சாயங்காலமே குரூப்பில் வந்தது. புது சீசனில் ஸ்கோர் எழுதப் போவது கோபார் மச்சினன். அவருக்கு ஜுலைஹா பீவியின் காரில் முன் சீட்டு.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. ஷஹீரா நோட்டும் ஸ்கேலுமாகப் படியிறங்கிப் போனாள். மக்தூம் ஹாலில் பிள்ளையோடு தனியாக உட்கார்ந்தார். அம்மார் அவரை உற்றுப் பார்த்தான். பிறகு விக்கினான்.

சின்ன விக்கல். மக்தூம் பிள்ளையைத் தூக்கினார். முகம் நீலமாகிறதா? விளக்கைப் போட்டுப் பார்த்தார். முதுகில் தட்டலாமா, தடவலாமா? தட்டினால் எவ்வளவு பலமாக? இன்னொரு விக்கல். கதவைத் திறந்து லிஃப்டைப் பார்த்தார். பதினோராவது மாடி. எட்டு எட்டரை கிலோ எடையுள்ள ஒரு பிராணி தன் கையில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது, அது நின்றுவிட்டால் கேட்க இந்த வீட்டில் வேறு ஆளில்லை என்பது, முப்பத்து நாலு வயதில், முதல் முறையாக அவருக்குப் புரிந்தது. போன் அடித்தார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். ஏழாவது முறை எடுத்தாள்.

"புள்ள, இவன் விக்குறான்."

"பந்து போய்க்கிட்டிருக்கு மச்சான். பொறவு பேசுறேன்."

வைத்துவிட்டாள். மக்தூம் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடி ஜன்னலைத் திறந்தார். கீழே ஆட்கள் நடமாடினார்கள். கத்தினால் யாருக்காவது கேட்கும் என்று தோன்றியது. கொஞ்சம் தைரியம் வந்தது. விக்கல் தானாக நின்றிருந்தது. அப்போதுதான் கவனித்தார். ஷஹீரா காரில் இல்லை. ஜுலைஹா பீவியோடு பொட்டல் ஓரத்தில், அவருடைய பெயின்ட் வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். கௌஸ் முகைதீன் காக்கா குனிந்து அவளிடம் ஏதோ சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, நேராக மூன்றாவது மாடியைப் பார்த்தாள்.

மக்தூமின் போன் நடுங்கியது.

"காத்துல நிக்காதீய, புள்ளைக்குச் சளி பிடிக்கும். நின்னுதான் ஆகணும்னா அந்தத் தொட்டியில கெடக்கிற பால் பாட்டிலைக் கழுவிக்கிட்டே நில்லுங்க."